மாவோரியரின் மொழிக் கூடுகள்

நியூஸீலாந்தின் தலைநகரான வெல்லிங்டனிலிருந்து அதிக தூரமில்லாத வைனுயியோமாட்டா என்னும் பள்ளத்தாக்குக் குடியிருப்பில், 1982ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 13ஆம் தேதி, சிறு குழந்தைகளுக்கான ஒரு நிலையம் திறக்கப்பட்டது. பள்ளிக்கூடத்துக்கு உரியவை என்று நாம் எண்ணிப் பழகியிருக்கும் லட்சணங்களில் பெரும்பாலானவை அதில் இல்லை. அங்கே கற்பிக்க வந்தவர்கள் பேரன் பேத்தி கண்ட முதியவர்கள். கற்க வந்தவர்கள் இன்னும் மழலை தெளியாத குழந்தைகள். அந்தக் குழந்தைகளைக் கையைப் பிடித்து அழைத்து வந்த தாய் தந்தையரின் தலைமுறையிலோ, தம்மைப் பெற்ற தாயே தம் குழந்தையிடம் என்ன பேசுகிறாள் என்பது விளங்காதவர்களே அதிகம். ‘கோஹங்கா ரேயோ’, அதாவது மொழிக் கூடு, என்று பெயர் பெற்ற அந்த நிலையத்தையும் அதன் வழிவந்தவற்றையும் பற்றிக் கல்வி சாஸ்திரிகள் எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். குழந்தைகள் மொழி கற்ற விதமே அவற்றில் அதிகம் பேசப்படுகிறது. என் மனம் செல்வதோ வாசற்படியில் நின்ற அந்தப் பெற்றோர்களிடத்தில். சொந்த முன்னோரின் பாஷை அவர்களுக்கு அந்நிய பாஷையாக ஆனது எப்படி, அந்நிய பாஷைகளைக் கற்பதற்கென்று ஐரோப்பாவில் வகுக்கப்பட்ட ஒரு முறையைக் கொண்டே அவர்கள் அதைத் திரும்பக் கற்க நேர்ந்தது எப்படி என்பதுதான் இந்தச் சரித்திரத்தில் நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்க விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

தொடக்கத்தில் நிலைமை நேர்மாறாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், மாவோரியர் ஆதிக்குடிகளாக வாழ்ந்த அந்தத் தீவுகளில் வேற்று மொழியைக் கற்றாக வேண்டிய நிர்ப்பந்தம் வந்தேறிய வெள்ளையருக்குத்தான் இருந்தது. டாமஸ் கெண்டல் என்ற மிஷனரி உபாத்தியாயர் 1815இல் சிட்னி நகரில் அச்சிடுவித்த சிறு நூலே மாவோரி மொழியில் வந்த முதல் அச்சுப் புத்தகம். மறு ஆண்டில் வடக்குக் கரையிலுள்ள ரங்கிஹோவா என்னுமிடத்தில் அவர் தொடங்கிய பள்ளியில் பாடம் நடந்தது மாவோரியில்தான். 1820இல் ஹோங்கி ஹிகா என்ற பெருந்தலைவரும் வைகாத்தோ என்ற இளைய தலைவரும் கெண்டலுடன் கப்பலேறி இங்கிலாந்துக்குச் சென்று, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் கீழ்நாட்டு மொழிகளைத் துறைபோகக் கற்றிருந்த ஸாமுவேல் லீ என்பவருடன் அமர்ந்து தம் மொழியை அவருக்கு எடுத்துச் சொல்ல, அதே ஆண்டில் மாவோரி மொழியின் இலக்கணமும் சொற்கோவையும் புத்தக வடிவில் வெளிவந்தன. மாவோரித் தலைவர் ஆசிரியர் ஸ்தானத்தில் இருக்க, ஆங்கிலப் பண்டிதர் மாணவராக எதிரே அமர்ந்திருந்த அந்தக் காலத்திலிருந்து, மாவோரிக் குழந்தை தன் மொழியைப் பேசியதற்காக அடி வாங்கும் காலம் வரைக்கும் இடைப்பட்டது ஒரு நூற்றாண்டுதான்.

எழுத்தறிவும் முதலில் தலைமுறைகளைச் சேர்க்கும் சாதனமாகவே அங்கே பரவியது. 1830களில் மிஷன் பள்ளிகளுக்கு நரைத்த தலைவர்களும் சிறுவர்களும் ஒன்றாகவே வந்து அமர்ந்து படித்தார்கள். படித்தவர்கள் தத்தம் கிராமங்களுக்குத் திரும்பி, எந்த மிஷனரியும் கால் வைத்திராத இடங்களிலும் பிறருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். 1837இல் வில்லியம் கொலென்ஸோ என்ற அச்சுத் தொழில் வல்ல மிஷனரி, பைஹியாவிலிருந்த தம் அச்சுக்கூடத்தில் மாவோரி மொழியில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். நம்மவர்கள் இந்தக் கொலென்ஸோவை வேறொரு காரணத்துக்காகவும் நினைவில் வைத்திருக்க வேண்டும். வடக்கே ஃபங்காரே அருகில் ஒரு மாவோரிக் கிராமத்தில் உருளைக்கிழங்கு வேக வைக்கும் பாத்திரமாகப் பயன்பட்டு வந்த உடைந்த வெண்கல மணி ஒன்றை அவர் கண்டார். அதன்மேல் பொறிக்கப்பட்டிருந்தவை தமிழ் எழுத்துக்கள். தமிழ் முஸ்லிம் ஒருவரின் கப்பலுக்குரிய அந்த மணி எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்பது இன்றுவரை தீராத புதிர். இப்பொழுது அது வெல்லிங்டனில் தேசிய அரும்பொருட்சாலையில் இருக்கிறது.

1840இல் பிரிட்டிஷ் அரசுக்கும் மாவோரித் தலைவர்களுக்கும் இடையே வைத்தாங்கி உடன்படிக்கை கையெழுத்தாகி, குடியேறிகள் திரள் திரளாக வந்து சேர்ந்த பிறகு காற்று திசை மாறியது. சர்க்கார் மானியம் பெறும் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கப்பட வேண்டும் என்று 1847இல் ஒரு சட்டம் விதித்தது. நிலத்தின் பொருட்டு நடந்த யுத்தங்களுக்குப் பின், 1867இல் இயற்றப்பட்ட சுதேசிப் பள்ளிகள் சட்டத்தின்படி, மாவோரிக் கிராமத்தார் நிலத்தைத் தந்து செலவிலும் பங்கு ஏற்க, சர்க்கார் பள்ளியை நடத்தியது. போதனா மொழி ஆங்கிலம். இதை மாவோரியர் எல்லோரும் எதிர்த்தார்கள் என்று சொல்வது உண்மைக்கு மாறாகும். 1876இல் வி தே ஹாகிரோவும் முந்நூற்றுக்கு மேற்பட்ட மற்றவர்களும் சேர்ந்து பாராளுமன்றத்துக்கு அனுப்பிய விண்ணப்பத்தில், தங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் நன்றாக வர வேண்டும் என்பதற்காக, மாவோரி மொழி அறியாத உபாத்தியாயர்களையே நியமிக்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டார்கள். மாவோரியரில் முதன்முதலாகச் சர்வகலாசாலைப் பட்டம் பெற்ற அபிரானா ஙாட்டா என்ற பெருந்தலைவரும் பள்ளியில் ஆங்கிலத்துக்கே முதலிடம் என்ற கொள்கையைத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியில் ஆதரித்தவர்தாம். பள்ளி ஆங்கிலத்தைப் பார்த்துக்கொள்ளட்டும், தாய்மொழியை வீடு பார்த்துக்கொள்ளும் என்பது அவர்களுடைய எண்ணம். பேச்சு முழுவதும் மாவோரியிலேயே நடந்த கிராமங்களில் வாழ்ந்தவர்களுக்கு அந்த எண்ணம் நியாயமானதாகவே தோன்றியிருக்கும். ஙாட்டா தம் முதுமையில் கருத்தை மாற்றிக்கொண்டார். மாவோரி முகமும் மாவோரி பேசாத நாவும் கொண்ட இளைஞர்களை அவர் கண்ணால் காணும் காலம் அதற்குள் வந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் நடந்தது என்ன என்பதற்குச் சாட்சி சொன்னவர்கள் பலர். அவர்களில் மிகுந்த மதிப்புக்குரியவர் ஸர் ஜேம்ஸ் ஹெனாரே. இரண்டாம் உலக யுத்தத்தில் மாவோரிப் படைப்பிரிவின் கடைசித் தளபதியாக இருந்தவர். சிறுவனாக இருந்தபோது பள்ளி எல்லைக்குள் மாவோரி பேசிவிட்டதற்காக, காட்டுக்குள் போய்ப் பிரம்பு போன்ற ஒரு கொடியைத் தம் கையாலேயே வெட்டி வரும்படி அனுப்பப்பட்டு, அந்தக் கொடியாலேயே அடி வாங்கியதைப் பிற்காலத்தில் ஒரு விசாரணை மன்றத்தின் முன் அவர் எடுத்துரைத்தார். வயிறு பிழைக்க வேண்டுமானால் ஆங்கிலம் பேசு என்று தம் உபாத்தியாயர் சொன்னதையும் கூறினார். அடியைவிட இந்த உபதேசம்தான் ஆழமாக வேலை செய்தது என்பது என் கருத்து. அடி அந்தச் சிறுவனோடு முடிந்துபோகும். வயிற்றுப் பாட்டைப் பற்றிய பயமோ அவன் தகப்பனாகும்போது அவனோடு கூடவே வந்து, தன் குழந்தையிடம் எந்த மொழியில் பேசுவது என்பதைத் தீர்மானித்துவிடும்.

அப்படித்தான் ஆயிற்று. யுத்தத்துக்கு முன்பு மாவோரியரில் மிகப் பெரும்பான்மையோர் கிராமவாசிகள். யுத்தம் முடிந்தபின் தொழிற்சாலை வேலைகளை நாடி அவர்கள் நகரங்களுக்குப் பெயர்ந்த வேகம் உலகத்திலேயே அபூர்வமானது. 1980களின் நடுவில் ஐந்தில் நால்வர் நகரவாசிகளாகிவிட்டார்கள். நகரத்தில் அவர்களுக்கு வீடு ஒதுக்கிய சர்க்கார், மாவோரிக் குடும்பங்கள் ஒரே தெருவில் சேர்ந்து வாழ்வதை விரும்பாமல், வெள்ளையர் வீடுகளுக்கு நடுவே ஒன்றிரண்டாகத் தூவி வைக்கும் கொள்கையைக் கையாண்டது. கிராமத்தில் பாட்டி இருந்தாள், பாட்டன் இருந்தான், பொதுச் சபை கூடும் ‘மராயே’ என்னும் முற்றம் இருந்தது. பள்ளியில் இழந்ததை மாலையில் அங்கே மீட்டுக்கொள்ள முடிந்தது. நகரத்தின் தனி வீட்டில் அம்மூன்றும் இல்லை. தாமே மாவோரியில் பேசி வளர்ந்த தாய் தந்தையர் தம் குழந்தைகளிடம் ஆங்கிலம் பேசினார்கள். அவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. தாம் பட்ட அவமானம் தம் பிள்ளைக்கு வரக் கூடாது என்று கருதியவர்கள் அவர்கள். பிள்ளையின்மேல் வைத்த பிரியமே மொழியை மறைத்து வைக்கச் செய்தது.

இதன் விளைவைக் கணக்கெடுத்து உலகுக்குக் காட்டியவர் ரிச்சர்ட் பென்டன் என்ற ஆராய்ச்சியாளர். 1970களில் அவரும் அவருடைய துணைவர்களும் வடக்குத் தீவில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட மாவோரிக் குடும்பங்களை வீடு வீடாகச் சென்று விசாரித்தார்கள். மாவோரியரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் மொழி சரளமாக வந்தது. அவர்களிலும் பெரும்பாலோர் வயது முதிர்ந்தவர்கள். 1913இல் மாவோரிப் பள்ளிக் குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தம் மொழியைப் பேச வல்லவர்களாக இருந்தார்கள் என்றும், 1975இல் அத்தொகை நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்கிவிட்டது என்றும் கணக்குகள் கூறின. வெல்லிங்டனுக்கு வடக்கே ஓத்தாக்கி வட்டாரத்தில் மூன்று குலத்தார் தங்களைத் தாங்களே கணக்கெடுத்துப் பார்த்தபோது, முப்பது வயதுக்குட்பட்டவர்களில் மொழியைச் சரளமாகப் பேசுபவர் ஒருவர்கூட இல்லை என்று கண்டார்கள். அதிர்ச்சியடைந்த அவர்கள், ஃபத்தராங்கி வினியாட்டா என்ற அறிஞரின் தலைமையில், 2000ஆவது ஆண்டின் தலைமுறையை முன்னிட்டு 1975இல் இருபத்தைந்து ஆண்டுத் திட்டம் ஒன்றை வகுத்தார்கள். இளைஞர்களை முற்றத்துக்கு வரவழைத்து, நாட்கணக்கில் முதியோர்களுடன் தங்க வைத்து, அவர்கள் காதில் மாவோரியைத் தவிர வேறொன்றும் விழாமல் செய்தது அத்திட்டத்தின் ஓர் அங்கம்.

முறைப்படி வரும் மரபு அறுந்துபோனால் முதலில் தவிப்பவர்கள் அது கிடைக்காமல் போனவர்கள்தாம். 1972ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் தேதி, மாவோரியைப் பள்ளிகளில் கற்பிக்க வேண்டும் என்று முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்ட மகஜர் பாராளுமன்றத்தின் படிகளில் சமர்ப்பிக்கப்பட்டது. அதை முன்னின்று நடத்திய ஹானா தே ஹெமாராவும், ‘ஙா தமத்தோவா’ என்ற இளைஞர் சங்கத்தாரும், விக்டோரியா சர்வகலாசாலை மாணவர்களும் இளம் பிராயத்தினர். அவர்களில் மொழியைக் கற்கும் நிலையில் இருந்தவர்களே பலர். முதியோர் அவர்களுடன் சென்று படியேறி நின்றார்கள். தம் குழந்தைகளுக்குத் தாம் கொடுக்காமல் விட்டதை அந்தக் குழந்தைகளே சர்க்காரிடம் கேட்பதைப் பக்கத்தில் நின்று பார்த்த அந்த முதியவர்களின் நெஞ்சில் என்னென்ன எழுந்திருக்கும்!

இங்கேதான் அந்நிய பாஷைப் போதனையின் வரலாறு இந்தக் கதைக்குள் வந்து சேருகிறது. எகிப்தில் பிறந்து இங்கிலாந்தில் பணியாற்றிய காலெப் கட்டெக்னோ என்ற கணித ஆசிரியர், வேற்று மொழி கற்பிக்கும் ஆசிரியர் கூடியவரையில் மௌனமாக இருந்து, கற்பவரைப் பேச விட வேண்டும் என்று ஒரு முறையை வகுத்து 1963இல் நூலாக வெளியிட்டார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட கருவி, பெல்ஜிய நாட்டுப் பள்ளி ஆசிரியரான ஜார்ஜ் க்விஸெனேர் குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கச் செய்த வர்ணக் குச்சிகள். வெள்ளைக் குச்சி ஒரு சென்டிமீட்டர் நீளம், சிவப்பு இரண்டு, இளம் பச்சை மூன்று என்று ஏறிக்கொண்டே போய், ஆரஞ்சு நிறக் குச்சி பத்தில் முடியும். காதரீனா மத்தாயிரா என்ற மாவோரி ஆசிரியை இம்முறையை ஆராய்ந்தார். வைகாத்தோ சர்வகலாசாலையில் தம் பட்டத்துக்கான ஆராய்ச்சிக் கட்டுரையையும் இதைப் பற்றியே எழுதினார். கிழக்குக் கரையைச் சேர்ந்த பாடலாசிரியையும் மொழிப் புலமையில் சிறந்தவருமான ஙோயி பேஃபைராங்கியுடன் சேர்ந்து 1979இல் ‘தே அத்தாராங்கி’ என்ற இயக்கத்தை அவர் தோற்றுவித்தார். வயது வந்தவர்களுக்கு மாவோரி கற்பிப்பது அதன் நோக்கம்.

அந்த வகுப்பை இப்படி மனத்தில் நிறுத்திக்கொள்ளலாம். ஊர்ச் சபைக் கூடத்தில், அல்லது யாராவது ஒருவருடைய வீட்டுக் கூடத்தில், பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக அமர்ந்திருக்கிறார்கள். நடுவே குச்சிகள் குவிந்திருக்கின்றன. நடத்துபவர் ஒரு குச்சியை எடுத்துக் காட்டி, ‘ராகாவு’ என்கிறார். குச்சி, கட்டை என்பது பொருள். பிறகு சிவப்புக் குச்சியை எடுத்து, ‘ராகாவு ஃபெரோ’ என்கிறார். பிறகு அவர் வாயே திறப்பதில்லை. மஞ்சளை எடுத்து நீட்டினால் கற்பவரே சொல்ல வேண்டும். மாவோரியில் பெயர் முன்னும் அடை பின்னுமாக நிற்கும் என்ற இலக்கணத்தை யாரும் விளக்குவதில்லை. நான்கு குச்சிகள் கைமாறுவதற்குள் அது தானாக நாவில் படிந்துவிடுகிறது. எடு, கொடு, வை, மேலே, கீழே, எனது, உனது என்று பாடம் வளர்கிறது. ஆங்கிலம் பேசலாகாது, பக்கத்தில் இருப்பவர் தடுமாறும்போது விடையை எடுத்துக் கொடுத்து முந்தலாகாது, ஒருவரிடத்தில் ஒருவர் மென்மையாக நடந்துகொள்ள வேண்டும். இவை அந்த வகுப்பின் கட்டுப்பாடுகளுள் சில. ஏதோ சிறுபிள்ளை விளையாட்டுப் போல இருக்கிறதே என்று நினைப்பவர்கள், அங்கே அமர்ந்திருந்தவர்கள் யார் என்பதை யோசிக்க வேண்டும். அவர்கள் முப்பது நாற்பது வயதானவர்கள். பார்த்தால் மாவோரியர், துக்க வீட்டில், முற்றத்தில், முதியவர்கள் எழுந்து உரையாற்றும்போது ஒரு வார்த்தையும் விளங்காமல் தலை குனிந்திருந்து பழகியவர்கள். தவறாகப் பேசினால் கேலி செய்வார்களோ என்ற கூச்சம் ஓர் அந்நியனுக்குக்கூட இராத அளவுக்கு அவர்களுக்கு இருந்தது. பிரெஞ்சு மொழியில் பிழை செய்யும் மாணவன் பிரெஞ்சில்தான் பிழை செய்கிறான். இவர்களோ தம் பாட்டனாரின் மொழியில் பிழை செய்கிறார்கள். முந்திக்கொண்டு விடை சொல்லாதே, மென்மையாக நடந்துகொள் என்ற கட்டளைகள் இந்த வெட்கத்தை அறிந்து ஏற்பட்டவை. கட்டெக்னோவின் முறையில் ஆசிரியரின் மௌனம் ஒரு போதனா தந்திரம். மத்தாயிராவும் பேஃபைராங்கியும் அதைக் காயம்பட்டவர்களிடம் காட்டும் தாட்சிணியமாக மாற்றினார்கள் என்பேன்.

அதே 1979ஆம் ஆண்டு முதல், மாவோரி விவகார இலாகாவின் காரியதரிசியாக இருந்த காரா புக்கெத்தாப்பு நாடெங்கிலுமிருந்து குலப் பெரியவர்களை அழைத்துக் கூட்டங்கள் நடத்தினார். மாவோரியரின் கௌரவத்துக்கு உயிர்நாடி மொழிதான் என்று பெரியவர்கள் தீர்மானமாகச் சொன்னார்கள். பள்ளிகளில் ஒரு பாடமாக மாவோரியைச் சேர்க்கும்படி பல ஆண்டுகள் கேட்டும் காரியம் ஆமை வேகத்தில் நடந்ததையும், மொழி அறிந்தவர்கள் ஆண்டுதோறும் மறைந்து வருவதையும் கருதி, குழந்தை பிறந்தது முதலே மொழியை அதன் செவியில் இடும் வேலையைத் தாமே ஏற்றுக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். அந்த முடிவிலிருந்து பிறந்தவையே மொழிக் கூடுகள். வைனுயியோமாட்டாவில் முதல் கூட்டை நிறுவிய முயற்சியில் ஜீன் புக்கெத்தாப்புவும், பின்னர் இயக்கம் முழுவதையும் பல்லாண்டுகள் நடத்திச் சென்ற இரித்தானா தாஃபிஃபிராங்கியும் முன்னணியில் நின்றார்கள்.

கூட்டின் நாள் காலைப் பிரார்த்தனையுடன் தொடங்கும், பிறகு பாட்டு. ஒவ்வொரு குழந்தையும் எழுந்து தன் மலை எது, தன் ஆறு எது, தன் முன்னோர் வந்த தோணி எது, தன் குலம் எது என்று முறைப்படி சொல்லித் தன்னை அறிமுகம் செய்துகொள்ளப் பழகும். கை கழுவுவதும், உணவுக்கு முன் வாழ்த்துச் சொல்வதும், போர்வையை மடித்து வைப்பதும், அழுகிற தோழனை அணைத்துக்கொள்வதும் மாவோரியிலேயே நடக்கும். மூதாட்டி ஒருத்தி நாரைக் கிழித்துக் கூடை முடைந்துகொண்டே, தன் கை செய்வதை வாய் சொல்ல, மடியில் சாய்ந்திருக்கும் குழந்தைக்கு வினைச் சொற்கள் கிடைத்துவிடும். பாடம் என்று தனியாக ஒன்று இல்லை. இடமும் பெரும்பாலும் முற்றத்துச் சபைக் கூடம். அது கிடைக்காத இடங்களில் மாதா கோவில் மண்டபம், கார் நிறுத்தும் கொட்டகை, காலியான வகுப்பறை. இலாகா ஆரம்பத்தில் கொடுத்தது சிறு தொகைதான். மீதியைக் குடும்பங்கள் உழைப்பாகவும் காணிக்கையாகவும் தந்தன. நிர்வாகம் குடும்பங்களின் கையில் இருந்தது. மொழி தெரியாத பெற்றோரும் அந்தக் கூட்டங்களில் அமர்ந்தாக வேண்டும், சமையலில் கை கொடுத்தாக வேண்டும், குழந்தையுடன் சேர்ந்து பாடியாக வேண்டும். பாட்டிக்கும் பேரனுக்கும் நடுவே உட்கார்ந்து, மகனிடமிருந்து சொல்லைக் கற்றுக்கொண்டு, தாயிடம் அதைச் சரிபார்த்துக்கொண்ட தாய்மார்கள் எத்தனையோ பேர். அவர்களில் பலர் மாலையில் தே அத்தாராங்கியின் குச்சி வகுப்புக்குப் போனார்கள்.

பரவிய வேகம் சர்க்காரையே திகைக்க வைத்தது. 1985க்குள் நானூறுக்கு மேற்பட்ட கூடுகள், ஆறாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள். 1990களின் நடுவில் சுமார் எண்ணூறு கூடுகள், பதினாலாயிரம் குழந்தைகள். இவ்வளவையும் தாங்கியவர்கள் அறுபதும் எழுபதும் கடந்த முதியவர்கள் என்பதை எண்ணும்போது வியப்போடு வருத்தமும் உண்டாகிறது. கூட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட அதே மூதாட்டிதான் துக்க வீடுகளில் ஒப்பாரிக்கும், விருந்தினரை வரவேற்கும் அழைப்புக் குரலுக்கும், இளைஞர்களின் சந்தேகங்களுக்கும் வேண்டியவள். ஓய்வெடுக்க வேண்டிய வயதில் ஒரு தேசத்தின் மொழி அவர்கள் தோளில் ஏறியது. பலர் அந்த வேலையிலேயே உயிர் விட்டார்கள்.

கூட்டின் புகழ் கடல் கடந்தது. மாவோரி அறிஞர் தீமோத்தி காரெத்து ஹவாய் தீவுகளுக்குச் சென்றபோது இதைப் பற்றி எடுத்துரைக்க, அங்குள்ளவர்கள் 1983இல் ஒரு ஸ்தாபனம் அமைத்து, மறு ஆண்டு காவாய் தீவில் தம் முதல் கூட்டைத் திறந்தார்கள். ஹவாய் மொழியைப் பள்ளியிலிருந்து விலக்கிய 1896ஆம் ஆண்டுச் சட்டம் அப்பொழுதும் அமலில் இருந்தது. அதைத் திருத்துவதற்கு 1986 வரை போராட வேண்டியிருந்தது. வடதுருவத்தை அடுத்த ஃபின்லாந்தின் வடகோடியில், இனாரி ஏரிக் கரையில் வாழும் இனாரி ஸாமி மக்கள் 1997இல் தம் கூட்டைத் தொடங்கினார்கள். அவர்கள் மொழியைப் பேசுவோர் அப்பொழுது முந்நூற்றைம்பது பேர் அளவில்தான் இருந்தார்கள். கூட்டில் பேசக் கற்ற குழந்தைகள் வளர்ந்ததும், பள்ளியில் கற்பிக்கவும் பத்திரிகை எழுதவும் அந்த மொழியில் ஆளில்லை என்ற பிரச்னை எழுந்தது. வேலை செய்யும் வயதில் இருந்த தலைமுறைக்குத்தான் மொழி இல்லையே. ஆகவே 2009இல் பதினேழு பெரியவர்களைத் தேர்ந்து ஓராண்டு முழு நேரப் படிப்பு நடத்தினார்கள். இலக்கணம் வகுப்பில், பேச்சோ முதியவர்களின் வீட்டில். மாணவர்கள் மொழி அறிந்த முதியோரைத் தேடிப் போய், அவர்களுடன் மீன் பிடித்து, சமைத்து, கைவேலை செய்து, அந்த வேலைகளின் ஊடே பேசிப் பழகினார்கள். நியூஸீலாந்தில் வாசற்படியில் நின்றவர்களின் துன்பத்தை இனாரி மக்கள் நன்றாகப் புரிந்துகொண்டு, அவர்களுக்கென்றே ஓராண்டை ஒதுக்கியதைத்தான் நான் இந்தத் துறையின் மிகச் சிறந்த காரியமாகக் கருதுகிறேன். பதினேழு பேருக்கு ஓராண்டு என்பது முந்நூற்றைம்பது பேரே மொழி பேசும் சமூகத்துக்குச் சாமானிய விஷயமா?

நியூஸீலாந்தில் காரியங்கள் வேறு வழியில் சென்றன. மொழி, உடன்படிக்கையின்படி காக்கப்பட வேண்டிய செல்வம் என்று 1986இல் வைத்தாங்கி நடுவர் மன்றம் தீர்ப்புக் கூறியது. ஸர் ஜேம்ஸின் சாட்சியம் பதிவானது இந்த வழக்கில்தான். 1987இல் மாவோரி ஆட்சி மொழிகளில் ஒன்றாயிற்று. கூட்டிலிருந்து வெளிவந்த குழந்தைகள் ஆங்கிலப் பள்ளியில் சேர்ந்து சில மாதங்களில் மொழியை இழக்கக் கண்ட பெற்றோர்கள், 1985இல் ஆக்லந்தின் மேற்குப் பகுதியில் ஹோவானி வைத்தித்தி முற்றத்தில் மாவோரி வழி ஆரம்பப் பள்ளியைத் தாமே தொடங்கினார்கள். கூடுகளோ 1990இல் மாவோரி விவகார இலாகாவிலிருந்து கல்வி இலாகாவின் மேற்பார்வைக்கு மாற்றப்பட்டன. பணம் அதிகமாக வந்தது; அத்துடன் விதிகள், பதிவேடுகள், பரிசோதனைகள், கட்டிட நியமங்கள், தேர்ச்சி பெற்ற ஆசிரியர் இருந்தால் கூடுதல் மானியம் என்ற கணக்குகள் எல்லாம் வந்தன. குழந்தைகளின் பாதுகாப்பைக் கருதி எழுந்த விதிகளை எளிதில் பழித்துவிட முடியாது. ஆயினும் முதியவரின் மடியையும் குடும்பத்தின் உழைப்பையும் அஸ்திவாரமாகக் கொண்ட ஒன்றை, மற்றக் குழந்தைப் பள்ளிகளுக்கு ஏற்பட்ட அளவுகோலாலேயே அளந்தது பெரிய பிசகு என்று நான் நினைக்கிறேன். பெற்றோர்களும் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஆசிரியரிடம் குழந்தையை ஒப்படைத்துவிட்டு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். எண்ணூறாக இருந்த கூடுகள் இருபது ஆண்டுகளில் ஐந்நூறுக்கும் குறைந்தன. கூடுகளின் சார்பில் தொடுக்கப்பட்ட வழக்கில், சர்க்கார் அவற்றின் தனித் தன்மையைப் போதிய அளவு மதித்து நடக்கவில்லை என்று 2012இல் அதே நடுவர் மன்றம் கண்டது.

முதல் கூடுகளைக் கட்டிய முதியவர்கள் அதற்குள் பெரும்பாலும் மறைந்துவிட்டார்கள். இன்று பல கூடுகளில் கற்பிப்பவர்கள் கூட்டிலேயே வளர்ந்தவர்கள், அல்லது நடு வயதில் குச்சிகளைக் கையில் எடுத்துக் கற்றவர்கள். 2013ஆம் ஆண்டு ஜனக் கணக்கெடுப்பில் மாவோரியரில் ஐந்தில் ஒருவருக்குச் சற்று அதிகமானவர்கள் அம்மொழியில் உரையாட முடியும் என்று தெரிவித்தார்கள். பென்டன் கண்ட விகிதத்தை ஒட்டியதாக அது தோன்றினாலும், அவர் காலத்தில் அந்த ஐந்தில் ஒருவர் கிழவராக இருந்தார், இப்பொழுது பள்ளிச் சிறுமியாகவும் இருக்கிறாள். 2016இல் இயற்றப்பட்ட புதிய மொழிச் சட்டம் பொறுப்பை இரண்டாகப் பிரித்தது. நாட்டின் பொது வாழ்வில் மொழிக்கு இடம் தேடும் வேலையைச் சர்க்கார் வைத்துக்கொண்டது; வீட்டிலும் சமூகத்திலும் மொழி பேசப்படுவதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை, குலங்களும் மொழி ஸ்தாபனங்களும் தேர்ந்தனுப்பும் உறுப்பினர்களைப் பெரும்பாலும் கொண்ட ‘தே மாத்தாவாய்’ என்ற சபையிடம் ஒப்படைத்து, அதற்கென ஆண்டுதோறும் பணமும் ஒதுக்கியது.